பக்கத்துக் காரோடு பேசாத கார்

புதிதாக ஒரு காரில் ஏறி உட்கார்ந்தால், அதில் எத்தனை ரேடியோக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். பாட்டு கேட்கிற ரேடியோவை மட்டும் சொல்லவில்லை. அலையை அனுப்புகிற, வாங்குகிற எதுவும் கணக்கில் சேரும். சாவிக்குள் ஒன்று. நான்கு சக்கரங்களுக்குள் ஆளுக்கொன்று. போனை இணைக்க புளூடூத், போனின் திரையைக் காரின் திரையில் காட்ட வைஃபை, வழி சொல்ல ஜிபிஎஸ். அப்புறம் கூரையின் பின்பக்கம் சுறாத் துடுப்பு வடிவில் நிற்கும் ஆன்டெனா. அதற்குப் பின்னால் எங்கோ சிம்மோடு ஒரு மோடம். வசதி கூடின காராக இருந்தால் எண்ணிக்கை சுலபமாகப் பத்தைத் தாண்டிவிடும்.

இவ்வளவு இருந்தும், முப்பது மீட்டர் முன்னால் போகிற கார் பிரேக் பிடிக்கிறது என்பதை அந்தக் காரே நம் காருக்குச் சொல்ல, பெரும்பாலான கார்களில் இன்னும் ஒரே வழிதான் இருக்கிறது. பின்னால் எரியும் சிவப்பு விளக்கு. அதே சமயம், எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரோடு கார் நாள் முழுக்கப் பேசுகிறது. தூரத்துச் சொந்தக்காரரோடு ஓயாத பேச்சு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. தொழில்நுட்பம் இல்லாததால் இப்படி ஆகவில்லை. அது தயாராகி வெகுநாள் ஆகிறது.

கேமராவும் ரேடாரும்தான் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் பார்வைக்கு நேராக இருப்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். நமக்கு முன்னால் ஒரு பெரிய லாரி, அதற்கும் முன்னால் போகிற ஒருவர் சடக்கென்று பிரேக்கை மிதிக்கிறார் என்று வையுங்கள். லாரி டிரைவர் அதைப் பார்த்து, காலை எடுத்து, பிரேக்கில் வைத்த பிறகுதான் லாரியின் விளக்கு எரியும். அப்புறம்தான் நம் முறை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. ஒருவர் சுதாரிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே 42 மீட்டர் போயாகிவிட்டது. இங்கே இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சுதாரிக்க வேண்டியிருக்கிறது. லாரியின் அடிப்பக்கமாகத் தரையில் பட்டுத் திரும்பும் ரேடார் எதிரொலியை வைத்து, அதற்கு முன்னால் இருப்பதையும் கணிக்கும் கார்கள் உண்டு. கெட்டிக்கார வேலைதான். ஆனால் குறுக்குத் தெருவிலிருந்து சுவர் மறைவில் பாய்ந்து வரும் வண்டியை அதனாலும் பார்க்க முடியாது.

ரேடியோவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. காரோடு கார் பேசும் ரேடியோ பொருத்திய ஒவ்வொரு காரும் விநாடிக்குப் பத்து தடவை ஒரு சிறிய செய்தியைச் சுற்றிலும் ஒலிபரப்புகிறது. நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன், பிரேக் பிடித்திருக்கிறேன் அல்லது பிடிக்கவில்லை, என் நீள அகலம் இவ்வளவு. அவ்வளவுதான் செய்தி. அமெரிக்கத் தரநிலையில் இதற்கு அடிப்படைப் பாதுகாப்புச் செய்தி என்று பெயர். ஐரோப்பாவில் இதே வேலைக்கு வேறு பெயர், கொஞ்சம் வேறு வடிவம். சுமார் 300 மீட்டர் வரை போய்ச் சேரும். செல்போன் கோபுரம் வேண்டாம், சந்தா வேண்டாம், இணையமே வேண்டாம். கேட்கிற கார் தன் பாதையையும் அந்தக் காரின் பாதையையும் கணக்குப் போட்டு, இடிக்கப் போகிறது என்றால் டிரைவரை எச்சரிக்கும். லாரிக்கு முன்னால் பிரேக் பிடித்த காரின் செய்தி பத்தில் ஒரு விநாடிக்குள் வந்துவிடுகிறது. அதற்குள் நம் கார் போயிருப்பது மூன்று மீட்டருக்கும் குறைவு.

இதற்காக உருவான முதல் ரேடியோ வைஃபையின் தம்பிதான். வைஃபை தரநிலைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2010-இல் ஒப்புதல் தந்த 802.11பி (802.11p). வீட்டு வைஃபையில் ஒரு கருவி முதலில் வலையைத் தேடி, அனுமதி கேட்டு, கடவுச்சொல் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் பேச ஆரம்பிக்கும். மணிக்கு நூறில் எதிரெதிரே வரும் இரண்டு கார்களுக்கு இடையில் 300 மீட்டர் இருந்தால், ஐந்தரை விநாடியில் ஒன்றையொன்று தாண்டிவிடும். அறிமுகம் முடிவதற்குள் ஆள் போயிருப்பார். அதனால் 802.11பியில் அந்தச் சம்பிரதாயத்தையே தூக்கிவிட்டார்கள். கூட்டத்துக்குள் சுமையோடு நுழைகிறவர் 'ஓரம், ஓரம்' என்று குரல் கொடுத்துக்கொண்டே போவது மாதிரி, யார் கேட்கிறார்கள் என்ற கவலை இல்லாமல் கார் கத்திக்கொண்டே போகும். அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று ஒரு கணம் கேட்டுவிட்டு அனுப்பும், அவ்வளவுதான் ஒழுங்கு.

இதற்கான அலைவரிசையை அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம், எஃப்சிசி, 1999-லேயே ஒதுக்கிவிட்டது. 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அகலம், முழுக்கச் சாலைப் பாதுகாப்புக்கு. வைஃபை வீடுகளுக்கு வர ஆரம்பித்திருந்த காலம் அது. பலர் வாழ்க்கையில் செல்போனே இல்லை. அவ்வளவு சீக்கிரம் தொடங்கிய விஷயம் இத்தனை ஆண்டுக்குப் பின்னும் நம் கார்களில் இல்லை என்பது, எனக்குத் தெரிந்தவரை, வாகனத் தொழில்நுட்பத்தின் பெரிய சோம்பேறித்தனங்களில் ஒன்று.

வேலை செய்யுமா என்ற சந்தேகமும் பெரிதாக இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் 2012-இல் தொடங்கிய சோதனையில், கிட்டத்தட்ட 3000 வண்டிகளில் இந்த ரேடியோவைப் பொருத்தி நிஜச் சாலைகளில் ஓடவிட்டார்கள். 2014-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. சந்திப்புகளில் குறுக்கே வரும் வண்டி பற்றி எச்சரிப்பது, எதிரே வரும் வண்டியின் குறுக்கே திரும்பும்போது எச்சரிப்பது என்ற இரண்டு வசதிகள் மட்டும் எல்லாக் கார்களிலும் இருந்தால், ஆண்டுக்கு 5,92,000 விபத்துகள் வரை தவிர்க்கலாம், 1,083 உயிர்கள் வரை காப்பாற்றலாம் என்றது. 'எல்லாக் கார்களிலும்' என்ற அந்த நிபந்தனைதான் கழுத்தை நெரிக்கிற கயிறு.

ஏனென்றால் இந்தத் தொழில்நுட்பத்தின் கணக்கு வித்தியாசமானது. ஏர்பேக் வாங்கினால் பயன் எனக்கு, அன்றைக்கே. எதிரே வருகிறவர் காரில் ஏர்பேக் இருக்கிறதா என்பதால் என் ஏர்பேக்கின் வேலை மாறாது. கார் பேசும் ரேடியோவோ, இரண்டு பேரிடமும் இருந்தால்தான் உதவும். சாலையில் நூற்றுக்குப் பத்து கார்களில் அது இருந்தால், சந்திக்கும் இரண்டு கார்களிலும் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். முப்பது கார்களில் இருந்தால் ஒன்பது. பாதிக் கார்களில் வந்த பிறகும் கால்வாசிச் சந்திப்புகளில்தான் பேச்சு நடக்கும். ஒரு காரின் ஆயுள் பதினைந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு எல்லாப் புதுக் கார்களிலும் போட்டாலும் அந்தப் பாதியை எட்டவே ஏழெட்டு ஆண்டு ஆகும். இதில் முதல் ஆளாகக் காசு செலவழிக்க எந்த நிறுவனத்துக்கு மனசு வரும்? முதலில் வாங்குகிறவருக்குக் கிடைப்பது அமைதி. அவர் கார் கத்திக்கொண்டே போகும். கேட்க ஆள் இருக்காது.

இந்த மாதிரி முடிச்சைச் சட்டம்தான் அவிழ்க்க முடியும். சக்கரத்துக்குள் இருக்கும் காற்றழுத்த ரேடியோவே அதற்குச் சாட்சி. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்த பின், அமெரிக்கா 2000-இல் சட்டம் கொண்டுவந்தது. 2008 மாடல் ஆண்டிலிருந்து அங்கே விற்ற எல்லா இலகு வாகனங்களிலும் டயர் அழுத்த எச்சரிக்கை வந்துவிட்டது. கார்-கார் பேச்சுக்கும் இதே மாதிரி ஒரு விதியை 2016 டிசம்பரில் முன்மொழிந்தார்கள். அது கடைசிவரை சட்டமாகவே இல்லை.

அதற்குள் அலைவரிசைச் சண்டை வந்தது. வைஃபை பெருகிக்கொண்டே போனது. இருபது ஆண்டாகக் காலியாகக் கிடக்கும் நிலத்தைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் 5.9 கிகாஹெர்ட்ஸைப் பார்த்தார்கள். 2020 நவம்பரில் எஃப்சிசி அதில் 45 மெகாஹெர்ட்ஸை எடுத்து உரிமம் தேவைப்படாத வைஃபைக்குக் கொடுத்தது. கார்களுக்கு மிஞ்சியது 30. அதோடு நிற்கவில்லை. அந்த 30-லும் 802.11பி இனி வேண்டாம், செல்போன் குடும்பத்திலிருந்து வந்த சி-வி2எக்ஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள். சி-வி2எக்ஸுக்கான முழு விதிகள் வந்து சேர்ந்தது 2024 நவம்பரில்.

சி-வி2எக்ஸ் என்பது செல்போன் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு தன் 14-ஆம் வெளியீட்டில், 2017-இல், வகுத்த முறை. செல்போன் தொழில்நுட்பம் என்றாலும் கோபுரம் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. காரிலிருந்து காருக்கு நேராகவும் அனுப்பலாம். 802.11பி 'காலியாக இருந்தால் பேசு' என்ற வழியில் போகிறது. இது ஜிபிஎஸ் நேரத்தை வைத்து எல்லாரும் ஒரே கடிகாரத்துக்கு வந்து, எந்த நேரத்துண்டு காலி என்று கவனித்து, அதைக் கொஞ்ச நேரத்துக்குத் தனக்கென்று பிடித்துக்கொள்கிற வழி. எது மேல் என்று பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அந்த வித்தியாசம் முக்கியமே இல்லை. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது, அதுதான் முக்கியம். எது சிறந்தது என்று சண்டை போட்ட ஆண்டுகளில், இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் ஒன்றுமில்லாததைவிட நன்றாக இருந்திருக்கும்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 802.11பி வழியை ஆதரித்து ஐரோப்பிய ஆணையம் 2019 மார்ச்சில் ஒரு விதியைக் கொண்டுவந்தது; அதே ஆண்டு ஜூலையில் உறுப்பு நாடுகள் அதை நிராகரித்தன. ஆனாலும் ஃபோக்ஸ்வாகன் 2019-இல் வந்த தன் எட்டாம் தலைமுறை கோல்ஃபில் 802.11பியை ஐரோப்பாவில் எல்லாருக்கும் சேர்த்தே கொடுத்தது. ஜப்பான் தனிவழி. அங்கே டொயோட்டா 2015-லேயே 760 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்துவிட்டது. அதிர்வெண் குறையக் குறைய அலை மூலைகளில் நன்றாக வளையும், கட்டடங்கள் நெருங்கிய சந்திப்புகளுக்கு அது நல்ல யோசனை. சீனா சி-வி2எக்ஸ் பக்கம் போனது. அமெரிக்காவில் 2017-இல் காடிலாக் சிடிஎஸ் 802.11பியோடு வந்தது, அந்தக் கார்கள் பேசுவது இன்னொரு அதே மாதிரி காடிலாக்கிடம் மட்டும்தான். சாலையில் இன்னொரு சிடிஎஸ்ஸைச் சந்திப்பது எவ்வளவு அபூர்வம் என்று நினைத்துப் பாருங்கள்.

நிறுவனத்தோடு பேசும் ரேடியோவுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் வரவில்லை. அதற்கு ஒரு காரும் ஒரு சர்வரும் போதும். முதல் காரிலேயே பயன், முதல் மாதத்திலேயே வருமானம். ஜெனரல் மோட்டார்ஸ், செல்போன் வலை வழியாகக் காரை உதவி மையத்தோடு இணைக்கும் தன் ஆன்ஸ்டார் சேவையை 1996-லேயே தொடங்கியது. இதில் நல்லதும் உண்டு, மறுக்க மாட்டேன். ஏர்பேக் விரிந்தால் கார் தானே அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்து, இருக்கும் இடத்தைச் சொல்லும் இ-கால் வசதி ஐரோப்பாவில் 2018 மார்ச் 31-இலிருந்து புதிதாக ஒப்புதல் பெறும் கார் மாடல்களுக்குக் கட்டாயம். காற்று வழியே மென்பொருள் மாற்றுவதும் லேசான விஷயமில்லை. 2018-இல் டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொள்கிறது என்று கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் குறை சொன்னது. சில நாட்களில் நிறுவனம் ஒரு மென்பொருளை அனுப்பியது. அதே காரை மறுபடி சோதித்தால் 133 அடி. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பிரேக்கில் 19 அடி குறைந்தது என்றால் எனக்குப் பாதி வியப்பு, பாதி பயம்.

ஆனால் சிம்மை நம்பி நிற்கும் எதற்கும் செல்போன் வலையின் ஆயுள்தான் ஆயுள். கார் பதினைந்து ஆண்டு ஓடும். ஒரு வலைத் தலைமுறை எப்போது மூடப்படும் என்பதைக் காரை வாங்கினவரைக் கேட்டு முடிவு செய்ய மாட்டார்கள். அமெரிக்காவில் 2008-இல் அனலாக் வலையை மூடியபோது பழைய ஆன்ஸ்டார் கருவிகள் ஊமையாயின. 2022-இல் 3ஜி போனபோது இன்னொரு பெரிய கூட்டம். ஐரோப்பாவின் இ-காலும் பழைய 2ஜி, 3ஜி குரல் அழைப்பை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது, அதற்கும் புதுத் தலைமுறைக்கு மாற வேண்டிய கட்டாயம். நான் முன்பு வைத்திருந்த காரிலும் போனிலிருந்து கதவைப் பூட்டும் வசதி ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோனது. இன்ஜின் ஜம்மென்று ஓடியது. மோடத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று சேவை மையத்தில் கேட்டேன். அப்படி ஒரு பாகமே விற்பனையில் இல்லை என்றார்கள். கார்-கார் ரேடியோவுக்கு இந்த ஆபத்து குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நடுவில் கோபுரமே இல்லாதபோது எதை மூடுவது?

சர்வரோடு என்னதான் பேசுகிறது என்பது அடுத்த கேள்வி. 2023-இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது; ஒன்றுகூடத் தேறவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் ஜெனரல் மோட்டார்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது. சில சமயம் மூன்று விநாடிக்கு ஒரு தடவை வீதம்கூட இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும் சேகரித்து, சரியான சம்மதம் இல்லாமல் வெளியே கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தகவல் காப்பீட்டுக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2024 டிசம்பரில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல்கள் சர்வரில் பூட்டில்லாமல் கிடந்தது வெளியானது. பல கார்களின் இருப்பிடமும் அதில் இருந்தது.

அப்புறம் பாதுகாப்பு. இங்கேதான் எனக்கு ஒரு முரண் கண்ணில் படுகிறது. காரில் நிஜமாகவே பொருத்திய ரேடியோக்கள் பெரும்பாலும் அலட்சியமாகச் செய்தவை. ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் டயர் சென்சார்களைச் சோதித்தார்கள். ஒவ்வொரு சென்சாரும் மாறாத ஓர் எண்ணை எந்தக் குறியாக்கமும் இல்லாமல் அனுப்புகிறது, 40 மீட்டர் தள்ளியிருந்து அதைப் பிடிக்கலாம், போலிச் செய்தி அனுப்பி எச்சரிக்கை விளக்கை எரியவைக்கலாம் என்று காட்டினார்கள். டயர் வெடிக்காமல் காப்பாற்ற வந்த சட்டம், ஒவ்வொரு காருக்கும் நான்கு நிரந்தர அடையாளச் சீட்டுகளைக் கட்டிவிட்டது.

சாவி இன்னும் சுவாரசியம். பையில் இருக்கும் சாவியைக் கார் ஒரு தாழ் அதிர்வெண் அலையால் தட்டி எழுப்பும். சாவி உயர் அதிர்வெண்ணில் பதில் சொல்லும். அந்தத் தாழ் அலை ஓரிரு மீட்டர்தான் எட்டும் என்பதால், பதில் வந்தாலே ஆள் அருகில் இருக்கிறார் என்று கார் முடிவு செய்துவிடுகிறது. இருவர் சேர்ந்தால் இதை ஏமாற்றலாம். ஒருவர் காருக்குப் பக்கத்தில், மற்றவர் சாவி இருக்கும் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில், நடுவில் அலையைக் கடத்த ஒரு கருவி. குறியாக்கத்தை உடைக்கவே வேண்டாம். பேச்சை அப்படியே நீட்டினால் போதும். சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களில் முயன்று பத்தையும் திறந்தார்கள். அந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அல்ட்ரா வைட்பேண்ட் சாவிகள் வந்த பிறகுதான் இதற்கு முறையான மருந்து கிடைத்தது. அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தையே கணக்கிடுகிறார்கள். ஒரு நானோ விநாடியில் அலை 30 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் ஆள் வைத்து நீட்டினால் நேரம் கூடும், குறைக்க வழியில்லை.

2015-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வலாசெக்கும் ஜீப் செரோக்கி ஒன்றை எங்கோ உட்கார்ந்துகொண்டு செல்போன் வலை வழியாகக் கைப்பற்றி, நெடுஞ்சாலையில் அதன் வேகத்தை இழக்கச் செய்து காட்டியது பலருக்கும் தெரிந்த கதை. 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நுழைந்த வழி, பாட்டுக்கும் திரைக்கும் வைத்த சிஸ்டத்தின் சிம் இணைப்பு.

இதோடு, பெரும்பாலான கார்களில் பொருத்தவே படாத அந்தக் கார்-கார் ரேடியோவை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. எல்லாரும் படிக்க வேண்டிய செய்தி என்பதால் மறைப்பதில்லை. ஆனால் கையெழுத்து சரியில்லை என்றால் மற்றக் கார்கள் காதில் போட்டுக்கொள்ளாது. சரி, ஒரே கையெழுத்தை வைத்து ஒருவரைப் பின்தொடரலாமே என்றால் அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள். கார் அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். எந்தச் சான்றிதழ் எந்தக் காருக்குப் போனது என்பதை எந்த ஒரு நிர்வாகியும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாதபடி வேலையைப் பல அலுவலகங்களுக்குப் பிரித்திருக்கிறார்கள். தனியுரிமையை முதல் நாளிலிருந்தே யோசித்துச் செய்த ஒரே கார் ரேடியோ இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதைத்தான் ஓரத்தில் வைத்திருக்கிறோம்.

இதிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்து நடைமுறையான வழி ஒன்று உண்டு, சில இடங்களில் அது தொடங்கியும் விட்டது. எல்லாக் கார்களும் பேச வேண்டும் என்று காத்திருக்காமல், பேச வேண்டியவர்களை முதலில் பேச வைப்பது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சாலையோரம் வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தும் எச்சரிக்கை வண்டி, சிக்னல் கம்பம். இவை அரசின் கையிலோ ஒரு சில நிறுவனங்கள் கையிலோ இருப்பவை, எண்ணிக்கையில் குறைவு, ஓரிரு ஆண்டில் எல்லாவற்றிலும் ரேடியோவைப் போட்டுவிடலாம். அப்போது அந்தக் கொடுமையான பெருக்கல் கணக்கு மாறிவிடுகிறது. ஆம்புலன்ஸ்கள் அத்தனையும் பேசினால், பத்து சதவீதக் கார்களில் மட்டும் ரேடியோ இருந்தாலும் அந்தப் பத்து சதவீதத்துக்கு முழுப் பயன். நூற்றில் ஒன்று இல்லை. வாங்குகிறவருக்கும் வாங்கிய முதல் நாளே கேட்க ஏதாவது இருக்கும். ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக் சாலையோரத்திலிருந்து இப்படிச் செய்திகளை அனுப்புகிறது, முன்பு சொன்ன ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அவற்றைக் கேட்கிறது. ஜெர்மனியில் சாலைப்பணி எச்சரிக்கை வண்டிகளும், ஜப்பானில் ஆம்புலன்ஸ்களும் பேச ஆரம்பித்திருக்கின்றன.

புதுக் காரைப் பார்க்கப் போகும்போது, இது வேறு கார்களோடு நேரடியாகப் பேசுமா என்று நான் கேட்பதுண்டு. விற்பனையாளர் உற்சாகமாகத் தன் போனை எடுத்து, நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து, கார் இப்போது எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டுகிறார். அது எங்கள் இருவருக்கும் எதிரிலேயேதான் நின்றுகொண்டிருக்கிறது.